மூடிய மெசேஜ் செயலிகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

2025 செப்டம்பர் கடைசியில் சென்னைக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் "எல்லோரும் அரட்டைக்கு வந்துவிடுங்கள்" என்ற அழைப்பு சுற்றி வந்தது. ஜோஹோ நிறுவனத்தின் அந்தச் செயலியில் ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்தார்கள், மூன்றே நாளில் அது 3.5 லட்சமாக ஏறியது என்று ஜோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். நம்ம ஊர்க் கம்பெனி, தரவு இந்தியாவிலேயே இருக்கும், அதனால் பத்திரம் என்பது மாறியவர்களின் கணக்கு. மாறாதவர்கள் கேட்டது வேறு: "அதில் மெசேஜுக்கு முனைக்கு முனை மறையாக்கமே இல்லையே?" அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும், அந்த நிறுவனமும்கூட, படிக்க முடியாதபடி மெசேஜைப் பூட்டுவதுதான் முனைக்கு முனை மறையாக்கம். அப்போது அது இல்லை என்பது உண்மைதான். அழைப்புகளுக்கு மட்டும் அந்த வசதி இருந்தது. எழுதி அனுப்பும் சாதாரண மெசேஜுக்கும் அதைக் கொண்டு வரும் வேலையில் ஜோஹோ பிறகு இறங்கியது.

இரண்டு பக்கமும் எதிர்பார்த்தது நம்பலாம் அல்லது நம்பக் கூடாது என்று ஒரே வார்த்தையில் பதில். அப்படிச் சொல்ல வராது. ஒரு மெசேஜ் செயலியைப் போனில் ஏற்றும்போது நாம் நான்கு விஷயங்களை நம்பிவிடுகிறோம். எழுதியதை நடுவில் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது முதலாவது. யாரிடம், எப்போது, எவ்வளவு நேரம் பேசினோம் என்ற விவரம் வெளியே போகாது என்பது அடுத்தது. நம் போனிலும் எதிராளியின் போனிலும் அது பத்திரமாக இருக்கும் என்றும், இன்றைக்கு உள்ள விதி நாளைக்கும் இருக்கும் என்றும்கூட எடுத்துக்கொள்கிறோம். மதிப்பெண் போடச் சொன்னால் வாட்ஸ்அப்புக்கு முதலாவதில் நல்ல மார்க் போடுவேன். இரண்டாவதில் ஃபெயில். மூன்றாவது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. நான்காவதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. இந்த மார்க் எப்படி வந்தது என்று பார்க்கலாம்.

மூடிய மென்பொருள்

எந்தச் செயலியும் முதலில் மனிதர்கள் படிக்கக்கூடிய வரிகளாகத்தான் எழுதப்படுகிறது. இதை மூலநிரல் என்பார்கள். பிறகு அதைப் போனுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி பிளே ஸ்டோரில் ஏற்றுகிறார்கள். நமக்கு வருவது இந்தக் கடைசி வடிவம் மட்டுமே. மூலநிரலைத் தன்னிடமே பூட்டி வைத்துக்கொண்டு, பயன்படுத்த மட்டும் அனுமதிப்பது தனியுடைமை மென்பொருள், சுருக்கமாக மூடிய மென்பொருள். வாட்ஸ்அப், ஐமெசேஜ், அரட்டை எல்லாம் இந்த வகை. மூலநிரலைப் பொதுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று விடுவது கட்டற்ற மென்பொருள். சிக்னல், எலிமெண்ட் என்ற மெசேஜ் செயலிகள் அந்த வகை. டெலிகிராம் நடுவில் நிற்கிறது. போனில் ஓடும் பகுதியின் நிரல் வெளியே கிடைக்கும், சர்வரில், அதாவது மெசேஜ்களை வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் கணினியில் ஓடுவது கிடைக்காது.

ஆட்டோ மீட்டரை நினைத்துப் பாருங்கள். உள்ளே என்ன சுற்றுகிறது என்று பயணிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அரசு ஆய்வாளர் சோதித்து முத்திரை வைத்திருப்பார் என்ற தைரியத்தில் ஏறி உட்காருகிறோம். சூடு வைத்த மீட்டரோ என்று சந்தேகம் வந்தால் போய்ப் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. மூடிய செயலியில் முத்திரை வைப்பவரும் ஆட்டோ ஓட்டுபவரும் ஒரே ஆள். அவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனாலும் சூடு வைக்கவில்லை என்பதை அவர் வாயாலேயே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். (சென்னையில் மீட்டர் போட்டு ஓட்டும் ஆட்டோ எங்கே என்று கேட்காதீர்கள், அது தனிக் கட்டுரை.)

நிரலை வெளியே வைத்தால் திருடனுக்கே வழி காட்டியது போல ஆகாதா என்று பலருக்கும் தோன்றும். மறையாக்கத் துறை இந்தக் கேள்விக்கு 1883லேயே பதில் சொல்லிவிட்டது. சாவியைத் தவிர மற்ற எல்லாம் எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் முறை உடையக் கூடாது, அப்போதுதான் அது நல்ல முறை என்று ஆகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் எழுதினார். இன்றைக்கு வங்கிப் பரிமாற்றம் முதல் வாட்ஸ்அப் வரை ஓடும் மறையாக்க முறைகள் எல்லாம் அச்சிட்டு வெளியிடப்பட்டவை. உலகெங்கும் உள்ள கணித ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உடைத்துப் பார்க்க முயன்று தோற்றதுதான் அவற்றுக்குக் கிடைத்த சான்றிதழ்.

எழுதியது யார் கண்ணில் படும்?

முனைக்கு முனை மறையாக்கம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். வாட்ஸ்அப்பை நிறுவியதும் உங்கள் போன் சாவிகளை ஜோடி ஜோடியாக உருவாக்குகிறது. சாவி என்பது இங்கே மிகப் பெரிய ஓர் எண், அவ்வளவுதான். ஜோடியில் ஒன்று பொதுச்சாவி, அது சர்வருக்குப் போகும், யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. இன்னொன்று தனிச்சாவி, அது போனை விட்டு வெளியே வராது. தாம்பரத்தில் இருக்கும் அண்ணன் அண்ணா நகரில் இருக்கும் தங்கைக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய போன் சர்வரிடம் தங்கையின் பொதுச்சாவியைக் கேட்டு வாங்கும். அதையும் தன் தனிச்சாவியையும் கலந்து ஒரு ரகசிய எண்ணைக் கணக்கிடும். தங்கையின் போன் அவளுடைய தனிச்சாவியையும் அண்ணனின் பொதுச்சாவியையும் கலந்தால் அதே எண்தான் வரும். வேறு யாருக்கும் வராது. அந்த எண்ணை வைத்துப் பூட்டிய மெசேஜ் சர்வர் வழியாகப் போகும்போது வெறும் எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். அடுத்தடுத்த மெசேஜுக்குச் சாவியும் மாறிக்கொண்டே போகும்.

டெலிகிராமின் சாதாரண சாட்டில் இது கிடையாது. அங்கே மெசேஜ் உங்கள் போனிலிருந்து சர்வர் வரைக்கும் பூட்டப்பட்டுப் போகிறது, சாவி நிறுவனத்திடமும் இருக்கிறது. "ரகசிய சாட்" என்று தனியாக ஒன்றைத் தொடங்கினால்தான் முனைக்கு முனை. குழுக்களுக்கு அந்த வசதியே இல்லை. டெலிகிராம்தான் ரொம்பப் பத்திரம் என்று கல்லூரி மாணவர்கள் உறுதியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எந்த விளம்பரம் அப்படி நம்ப வைத்ததோ தெரியவில்லை.

வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாப் பயனர்களுக்கும் இந்த மறையாக்கத்தைக் கொண்டு வந்தது. அதற்கு எடுத்துக்கொண்டது சிக்னலைத் தொடங்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக்கின் குழுவினர் உருவாக்கிய சிக்னல் நெறிமுறை, அதாவது பூட்டுவதும் திறப்பதும் எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகள். நெறிமுறை பொதுவில் இருக்கிறது, ஆய்வாளர்கள் அலசிப் பார்த்துப் பாராட்டியது. ஆனால் அதை வாட்ஸ்அப் தன் செயலிக்குள் எப்படிப் பொருத்தியிருக்கிறது என்பது மூடிய பகுதி.

இங்கே இரண்டு இடுக்குகள் இருக்கின்றன. தங்கையின் பொதுச்சாவி என்று சர்வர் கொடுத்தது உண்மையிலேயே தங்கையுடையதா, நடுவில் நிற்கும் மூன்றாம் ஆளுடையதா? இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. சாட்டின் மேலே பெயரைத் தொட்டு "மறையாக்கம்" என்ற இடத்துக்குப் போனால் 60 இலக்க எண் ஒன்று வரும். இருவரும் நேரில் சந்திக்கும்போது ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றாக இருந்தால் நடுவில் ஆள் இல்லை என்று அர்த்தம். இதைச் செய்கிற ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்த இடுக்கு இன்னும் பெரியது. பூட்டுவதும் அந்தச் செயலி, திறப்பதும் அந்தச் செயலி. பூட்டுவதற்கு முன் ஒரு நகலை வேறு எங்காவது அனுப்பினால் நமக்கு எப்படித் தெரியும்? கற்பனைப் பயம் என்று ஒதுக்க முடியாதபடி நடந்த கதைகள் இருக்கின்றன.

அனோம் என்று ஒரு செயலி. குற்றக் கும்பல்கள் காசு கொடுத்து வாங்கிய, மிகப் பாதுகாப்பானது என்று பெயர் எடுத்த செயலி. அதை நடத்தியதே அமெரிக்காவின் எஃப்பிஐ. சுமார் 12,000 போன்களிலிருந்து போன ஒவ்வொரு மெசேஜின் நகலும் காவல் துறைக்குப் போனது. 2021 ஜூனில் வலை விரித்தவர்களே அதைச் சொன்னபோதுதான் மாட்டியவர்களுக்கு விஷயம் தெரிந்தது. குற்றவாளிகள்தானே என்று விடலாம். கிரிப்டோ ஏஜி கதையை அப்படி விட முடியாது. சுவிட்சர்லாந்தின் அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட அரசுகளுக்கு ரகசியச் செய்தி அனுப்பும் கருவிகளை விற்றது. இந்தியாவும் பாகிஸ்தானும்கூட வாடிக்கையாளர்கள். 1970 முதல் அந்த நிறுவனத்தின் மறைமுக முதலாளிகள் சிஐஏவும் மேற்கு ஜெர்மனியின் உளவுத் துறையும். இது உலகுக்கு விளக்கமாகத் தெரிய வந்தது 2020 பிப்ரவரியில். ஒரு நாட்டு அரசாங்கத்துக்கே பெட்டியின் உள்ளே இருப்பது தெரியவில்லை என்றால் நமக்கு எங்கே தெரியப் போகிறது.

ஜூம் விவகாரம் இவ்வளவு நாடகத்தனமாக இல்லை. கொரோனா காலத்தில் நம் பிள்ளைகள் பாடம் படித்த அதே ஜூம், முனைக்கு முனை மறையாக்கம் உண்டு என்று விளம்பரப்படுத்தியது. உண்மையில் கூட்டங்களின் சாவி நிறுவனத்திடமும் இருந்தது. அமெரிக்காவின் வணிக ஆணையம் 2020 நவம்பரில் இதைச் சுட்டிக்காட்டி, ஜூமோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. இதில் உளவு, சதி எதுவும் இல்லை. விளம்பரத்தில் எழுதியதும் நிரலில் எழுதியதும் வேறு வேறாக இருந்தன, அவ்வளவுதான். மூடிய மென்பொருளில் அதிகம் நடக்கக்கூடியது இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் வாட்ஸ்அப் நம் மெசேஜைப் படிக்கிறதா? இல்லை என்றே கருதுகிறேன். மூடிய செயலியையும் பிரித்துப் பார்க்கும் ஆட்கள் உண்டு. போனுக்கு வரும் வடிவத்திலிருந்து பின்னோக்கிப் போய், என்ன செய்கிறது என்று ஆராய்வது கடினமான வேலை, ஆனால் நடக்கிற வேலை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு செயலி எல்லா மெசேஜையும் நகலெடுத்து அனுப்பினால், யாராவது ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியிருப்பார். முன்னாள் ஊழியர் ஒருவராவது ஆதாரத்தோடு உடைத்திருப்பார். ஆனால் இது நேற்று வரை உள்ள நிலவரம். அடுத்த அப்டேட்டில் என்ன வரும், குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் வேறு அப்டேட் போகுமா என்பதையெல்லாம் வெளியிலிருந்து உறுதி செய்ய வழி கிடையாது.

உள்ளடக்கம் இல்லாமலே ஊர்க் கதை

மெசேஜில் என்ன எழுதினோம் என்பதைத் தவிர்த்த மற்ற எல்லாம் மெட்டாடேட்டா. யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த இணைப்பிலிருந்து, எந்த மாடல் போனிலிருந்து, எந்தக் குழுவில், எவ்வளவு அடிக்கடி. மறையாக்கம் இதைத் தொடுவதில்லை. எந்த முகவரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியாமல் சர்வரால் வேலை செய்ய முடியாதே.

ஒரு பெண் வடபழனியில் உள்ள ஒரு கருத்தரிப்பு மையத்தின் எண்ணோடு இரண்டு மாதமாக வாரம் ஒரு முறை பேசுகிறார். ஒரு நாள் அந்த எண்ணோடு பேசி முடித்த ஐந்தாவது நிமிடம் கணவரோடு, பிறகு அம்மாவோடு நாற்பது நிமிடம். அடுத்த வாரம் ஒரு கடன் நிறுவனத்தின் எண்ணுக்கு மெசேஜ். ஒரு வரிகூடப் படிக்காமல் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே புரிந்துவிட்டது. இதைத்தான் நிறுவனங்களும் அரசுகளும் விரும்புகின்றன. ஒவ்வொரு மெசேஜையும் உட்கார்ந்து படிக்க யாருக்கும் நேரமில்லை, ஆனால் இந்த அட்டவணையைக் கணினி நொடியில் அலசிவிடும்.

போனில் உள்ள தொடர்பு எண்களின் பட்டியலும் இதில் சேரும். வாட்ஸ்அப்பே வைத்துக்கொள்ளாத ஒரு பெரியவரின் எண்ணையும், அவர் பெயரைத் தன் போனில் சேமித்த பேரன் மேலே அனுப்பிவிடுகிறான். 2025 நவம்பரில் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த எண் வாட்ஸ்அப்பில் இருக்கிறதா என்று கேட்கும் வசதியைப் பயன்படுத்தியே சுமார் 350 கோடி கணக்குகளின் எண்களைத் திரட்ட முடிந்தது என்று வெளியிட்டார்கள். பொதுவில் வைத்திருந்த முகப்புப் படங்களும் அதோடு வந்தன. மெசேஜ் எதையும் அவர்களால் தொட முடியவில்லை. முதலாவதில் நல்ல மார்க், இரண்டாவதில் ஃபெயில் என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்த விவரங்கள் யாருக்குப் போகின்றன என்ற கதையில்தான் நான்காவது கேள்வியும் வருகிறது. 2009ல் வாட்ஸ்அப்பைத் தொடங்கிய ஜான் கூமும் பிரையன் ஆக்டனும் விளம்பரமே வேண்டாம் என்றிருந்தவர்கள். 2014ல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரே ஆளின் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் கணக்குகளைத் தானாகப் பொருத்திப் பார்க்க நம்பகமான வழி இல்லை என்று அப்போது ஐரோப்பிய ஆணையத்திடம் ஃபேஸ்புக் சொன்னது. 2016 ஆகஸ்டிலேயே பயனர்களின் எண்ணைத் தாய் நிறுவனத்தோடு பகிரும் புதிய கொள்கை வந்தது. தவறான தகவல் தந்ததற்காக 2017ல் ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. அதே ஆண்டு ஆக்டன் நிறுவனத்தை விட்டு வெளியேறினார், 2018ல் சிக்னல் அறக்கட்டளைக்கு 5 கோடி டாலர் கொடுத்தார். விற்றவரே எதிர்க்கடைக்கு முதல் போட்டது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

அப்புறம் 2021 ஜனவரி. ஃபேஸ்புக்கோடு தகவல் பகிர்வது பற்றிய புதிய விதியை ஏற்காவிட்டால் தொடர முடியாது என்று வாட்ஸ்அப் சொன்னதும் பெரும் கூச்சல் எழுந்தது. பலர் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடினார்கள், கெடு மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. சில மாதங்களில் ஓடியவர்கள் பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள். இந்தியப் போட்டி ஆணையம் அந்தக் கொள்கைக்காக 2024 நவம்பரில் மெட்டாவுக்கு (ஃபேஸ்புக் நிறுவனத்தின் புதிய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மெட்டாவின் வருமானத்துக்கு முன்னால் அது டீச் செலவு.

அது கிடக்கட்டும், ஜெராக்ஸ் கடைக்கு வருவோம்

சென்னையில் நடக்கும் அந்தரங்கக் கசிவில் பெரும்பகுதிக்கு மறையாக்கத்தோடு சம்பந்தமே இல்லை. ஆதார் நகல் எடுக்கப் போகிறீர்கள். "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க சார்." அனுப்புகிறீர்கள். கடையின் கணினியில் வாட்ஸ்அப் வெப் காலையிலிருந்து திறந்தே கிடக்கிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அந்தப் பேட்டையில் பாதிப் பேருடைய ஆதார், பான், வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் வரிசையாக இருக்கும். உங்கள் போனிலிருந்து அந்தக் கணினி வரை உலகத்தரத்தில் மறையாக்கம் நடந்தது உண்மைதான். முனை எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி. கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருக்கு அழிக்க நேரமில்லை. மார்க் ஸுக்கர்பெர்க்கைப் பற்றிக் கவலைப்படுகிற அதே ஆள் இங்கே யோசிக்காமல் அனுப்புகிறார். அச்செடுத்ததும் உங்கள் சாட்டில் "எல்லோருக்கும் நீக்கு" கொடுத்தாலும், ஏற்கெனவே கணினியில் இறங்கிய நகல் அங்கேயே இருக்கும். கடையில் நின்றபடியே "அண்ணே, அந்த ஃபைலை அழிச்சிடுங்க" என்று கேட்டு, அழிப்பதைப் பார்த்துவிட்டு வருவது ஒன்றே வழி.

பேக்கப் இன்னொரு ஓட்டை. சாட்டுகளின் நகல் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும்போது அதே முனைக்கு முனை பூட்டு தானாகப் போடப்படுவதில்லை. 2021 அக்டோபரில் பேக்கப்பையும் பூட்டும் வசதி வந்தது, ஆனால் அதை நாமாகப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் போட்டாலும் எதிராளி போடாவிட்டால் உரையாடலின் மறுபாதி அவர் கணக்கில் திறந்து கிடக்கும். 2020ல் மும்பைத் திரையுலகினரின் வாட்ஸ்அப் உரையாடல்கள் தொலைக்காட்சியில் ஓடியபோது மறையாக்கத்தை உடைத்துவிட்டார்களோ என்று பலரும் பதறினார்கள். போன் விசாரணை அமைப்பின் கையில் இருந்தால் எதையும் உடைக்கத் தேவையில்லை.

நிறுவனங்களோடு பேசும் சாட் தனி வகை. 2023 மே முதல் சென்னை மெட்ரோ டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலேயே எடுக்கலாம். ரத்தப் பரிசோதனை முடிவு, பள்ளிக் கட்டண நினைவூட்டல் எல்லாம் அதே வழியில் வருகின்றன. இப்படிப் பேசும்போது எதிர்முனை ஒரு மனிதரின் போன் கிடையாது. அந்த நிறுவனமோ, அது அமர்த்திய இன்னொரு நிறுவனமோ, மெட்டாவே கொடுக்கும் சேமிப்பு வசதியோ அங்கே இருக்கும். அதன்பிறகு அவர்களுடைய கொள்கைதான் பேசும். யாராவது உங்களைப் புகார் செய்தாலும் அந்தச் சாட்டின் கடைசி ஐந்து மெசேஜ்கள் வாட்ஸ்அப்புக்குப் போகும். வாட்ஸ்அப்புக்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான மெட்டா ஏஐயிடம் கேட்பது மெட்டாவுக்கே போகிறது.

போனையே பிடித்துவிட்டால் எந்தச் செயலியும் காப்பாற்றாது. 2019ல் வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஓட்டை வழியாக, அழைப்பை எடுக்காமலேயே பெகாசஸ் உளவு மென்பொருள் சுமார் 1,400 போன்களில் ஏறியது. இந்தியப் பத்திரிகையாளர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் அதில் இருந்தார்கள். வாட்ஸ்அப்பே அதைக் கண்டுபிடித்து, அடைத்து, தயாரித்த நிறுவனத்தின் மேல் வழக்கும் போட்டு வென்றது. மூடிய செயலி என்பதற்காக அந்த வேலையைக் குறைத்து மதிப்பிட முடியாது.

பாரிமுனையில் தொடங்கிய வழக்கு

விதி நாளைக்கு மாறலாம் என்றேன். மாற்றுவது நிறுவனம் மட்டும் இல்லை, அரசும் நீதிமன்றமும் மாற்றலாம். அதற்கான பெரிய விவாதம் ஒன்று நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் சூடு பிடித்தது. இணையத்தில் அவதூறும் மிரட்டலும் பெருகுகின்றன, சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று 2018ல் மனு வந்தது. ஆதார் இணைப்பு எடுபடவில்லை. ஆனால் ஒரு வதந்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று வாட்ஸ்அப் கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா என்ற கேள்வி அங்கிருந்து கிளம்பியது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி, முடியும் என்றார். ஒவ்வொரு மெசேஜோடும் முதல் அனுப்புநரின் விவரத்தை ஒட்டி அனுப்பலாம், நீதிமன்றம் கேட்டால் மட்டும் திறக்கலாம் என்பது அவர் சொன்ன வழிகளில் ஒன்று. ஐஐடி பாம்பேயின் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். அடுத்தவர் பெயரை ஒட்டி அனுப்பத் தெரிந்தவன் தப்பிவிடுவான், சாதாரண ஆள் மாட்டுவான் என்ற கவலை அந்தத் தரப்பில் இருந்தது.

2019 அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், முதல் அனுப்புநரைக் கண்டறியும் வசதி வேண்டும் என்று பெரிய மெசேஜ் நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டன. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் சொன்னார். 50 கோடிக்கு மேல் பயனர்கள் இருக்கும் சந்தையை விட்டுப் போவார்களா என்பது வேறு விஷயம்.

தரவு இந்தியாவிலேயே இருந்தால் பத்திரம் என்ற வாதத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, மறையாக்கத்தைத் திறந்து தகவலைத் தரும்படி உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. நிறுவனத்திடம் சாவி இருந்தால் சர்வர் சிறுசேரியில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் அது கொடுத்தாக வேண்டிய நிலை வரும். சாவியே இல்லாவிட்டால் கொடுக்க எதுவும் இருக்காது. 2016ல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு ஒன்று சிக்னலுக்கு வந்தது. அவர்களிடம் இருந்தது கணக்கு தொடங்கிய நாளும் கடைசியாக இணைந்த நாளும் மட்டும்தான். அதைக் கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தைவிட, வைத்துக்கொள்ளாமல் இருப்பது பெரிய பாதுகாப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, எதற்கு மாறுவது?

சிக்னல். இரண்டாவது கேள்வியில் வாட்ஸ்அப்புக்கும் அதற்கும் உள்ள தூரம் அதிகம். நிரலும் வெளியே இருக்கிறது, லாப நோக்கில்லாத அறக்கட்டளை நடத்துகிறது. ஆனால் நிரல் திறந்திருக்கிறது என்பதால் எல்லாம் தானாகச் சரியாகிவிடாது. 2020 ஏப்ரல் முதல் ஏறக்குறைய ஓர் ஆண்டு சிக்னல் தன் சர்வர் நிரலின் புதிய வடிவத்தை வெளியிடாமலே ஓட்டியது. வெளியிட்டிருந்தாலும் சர்வரில் ஓடுவது அதேதானா என்று நாம் பார்க்க முடியாது. போனில் நடக்கும் பூட்டுதலைச் சரிபார்க்க முடிகிறது என்பதால் அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. யாராவது படிப்பார்கள் என்று எல்லோரும் நினைத்து யாருமே படிக்காமல் விடுவதும் உண்டு. இணையதளத் தொடர்புகளைப் பூட்டும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற மென்பொருளில் 2012ல் நுழைந்த ஹார்ட்பிளீட் பிழை, உலகின் பெரும் இணையதளங்களில் ஓடியபடியே 2014 வரை யார் கண்ணிலும் படவில்லை.

எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ் என்ற பெயர்களைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சொல்வார்கள். மின்னஞ்சல் போல எந்த சர்வரில் இருப்பவரும் எந்த சர்வரில் இருப்பவரோடும் பேசலாம், ஒரே முதலாளி கிடையாது. நான்காவது கேள்விக்கு ஒழுங்கான பதில் இவற்றிடம்தான் இருக்கிறது. ஒரு சர்வர் நடத்துபவர் விதியை மாற்றினால் அடுத்த சர்வருக்குப் போய்விடலாம், நண்பர்களை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. குறை என்னவென்றால் உங்கள் பெரியம்மா அங்கே வர மாட்டார். குடியிருப்போர் சங்கமும் பள்ளியும் தண்ணீர் லாரிக்காரரும் வாட்ஸ்அப்பில்தான் இருப்பார்கள்.

அதனால் முழுதாக மாறுவதைப் பற்றி நான் பேசவில்லை. சில உரையாடல்களை மட்டும் பிரித்து எடுத்தால் போதும். மருத்துவம், பணம், சட்ட விவகாரம், வேலையில் நடக்கும் தகராறு, இவற்றைப் பேசும் மூன்று நான்கு பேரைச் சிக்னலுக்கு அழைத்து வருவது சாத்தியம். மீதி எல்லாம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது மெட்டாவுக்குத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

வாட்ஸ்அப்பில் இருக்கும் வரைக்கும் செட்டிங்ஸில் ஒரு பத்து நிமிடம் செலவழிக்கலாம். முகப்புப் படத்தையும் கடைசியாக வந்த நேரத்தையும் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் எந்தக் கணினிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள். பழைய அலுவலகக் கணினி ஒன்று அதில் இருக்க வாய்ப்புண்டு. இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். எதிராளியின் பாதுகாப்புக் குறியீடு (முன்பு சொன்ன 60 இலக்க எண்) மாறினால் தெரிவிக்கும் வசதியும் அணைந்துதான் இருக்கும், அதையும் போடுங்கள். கடைசியாக பேக்கப்புக்கான முனைக்கு முனை மறையாக்கம். அது ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும். போனும் தொலைந்து அந்தக் கடவுச்சொல்லும் மறந்துபோனால் பழைய சாட்டுகளை வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது. அதனால் ஒரு தாளில் எழுதி பீரோவில் பத்திரங்களோடு வைத்துவிட்டு, பிறகு அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.